வலது காதின் அளவு

இந்த வலது காது என்னுடையதே இல்லை. ஊருக்குப் போகிற யாரோ, திரும்பி வரும்வரை பார்த்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தான் எதைக் கொடுத்தாலும் வேண்டாமென்று வெளியே தள்ளுகிறது.

மலைக்கோயில் அடிவாரத்து லாட்ஜ் கவுண்டருக்கு அடியில் குனிந்து, விழுந்த இயர்போனைத் தேடிக்கொண்டே ஷோபனா இப்படி நினைத்தாள். இடது காதில் வலித்தாலும் அது உள்ளே நின்றுவிடுகிறது. வலது பக்கம்தான் தலையைத் திருப்பினால் நழுவுகிறது, எச்சில் விழுங்கினால் நழுவுகிறது, ஒன்றுமே செய்யாமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் மெல்ல மெல்லக் கிளம்பி வந்து மடியில் விழுகிறது. விழும்போது ஒவ்வொரு முறையும், யாரோ கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்விட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

"எந்திரிம்மா. ரூம் கேட்டு ஆளுங்க வந்துகினு இருக்காங்க, நீ கீழ பூந்து இன்னா தேடற, பொதையலா?"

லாட்ஜ் முதலாளி ராஜமாணிக்கம் வந்திருந்தார். அவள் எழுந்து, நெல்லூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குச் சாவி கொடுத்து, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று தெலுங்கில் சொல்லி, அவர்கள் படியேறிப் போகும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க வூட்டுக்காரர் இன்னா சொல்றாரு? அரக்கோணத்துலேர்ந்து ஒரு பொண்ணு கேட்டுகினே இருக்குது. தங்கற ரூமோட வேலன்னா ஒடனே வந்துடறேங்குது. நாளைக்கு காலையில அதுக்கு நான் பதில் சொல்லணும்."

"சாயங்காலம் போன் பண்ணுவாருங்க. பேசிட்டு சொல்லிடறேன்."

"பேச இன்னா இருக்குது? அவரு போன்னு சொல்வாரு, நீ போறேன்னு சொல்வ. நடுவுல நான் ஒர்த்தன், பொண்ணு வூட்டுக்கும் சேராம மாப்ள வூட்டுக்கும் சேராம மோளக்காரன் மாதிரி குந்திகினு இருக்கேன்."

அவள் சிரித்தாள். அவர் சொன்னது உண்மைதான் என்பதால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பரந்தாமன் சூரத்தில் ஒரு நெசவு ஆலையில் தறி மெக்கானிக். வருடத்துக்கு ஒருமுறை வருவான். அவனுடைய அம்மா பூவம்மாள் பள்ளிப்பட்டில் தனியாக இருந்தாள். மழையில் மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்து, இப்போது கூடிவிட்டது. ஆனாலும் அன்றையிலிருந்து அவன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். வேலையை விட்டுவிடு, ரூமைக் காலி பண்ணு, அம்மாவோடு போய் இரு. தவறாகச் சொல்லவில்லை. பிள்ளையும் இல்லாதவள், இங்கே யாத்ரீகர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு மொட்டைமாடி அறையில் ஒற்றையாக இருப்பதற்கு, அங்கே ஒரு பெரிய மனுஷியோடு இருந்துவிட்டுப் போகலாமே என்று கேட்டால் அவளும் சரி என்றுதான் சொல்லி வந்தாள். பூவம்மாளும் கெட்டவள் இல்லை. பேசமாட்டாள், அவ்வளவுதான். காலையில் மாட்டோடு பேசுகிற நாலு வார்த்தையோடு அவளுடைய அன்றைய பேச்சு தீர்ந்துவிடும். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் இருந்த இரண்டு வருடம் ஷோபனாவுக்கு நினைவிருந்தது. மாலையில் வாயைத் திறந்தால் தன் குரலே கரகரத்து, வேறு யாருடையதோபோல் வரும்.

அவள் பேசுவதெல்லாம் பரந்தாமனோடுதான். மாலையில் அவன் கூப்பிடுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே பகல் முழுவதும் அவள் சேர்த்து வைப்பாள். சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மலையேறிப்போய் முடியோடு சாவியையும் விட்டுவிட்டு வந்த பெரியவர், குரங்கு தூக்கிக்கொண்டு போன பல் செட், முதலாளி தெலுங்கு பேசப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டது. எதுவும் பெரிய விஷயமில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும், இதைச் சாயங்காலம் எப்படித் தொடங்கிச் சொல்வது என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அப்படிச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அந்த நாள் நடந்ததாக ஆகும். அவன் எல்லாவற்றுக்கும் "ஆங்" என்பான். அந்த ஆங் கொஞ்சம் தாமதித்து வரும். சூரத் எவ்வளவு தூரம், பேச்சு போய்ச் சேர்ந்து திரும்ப வேண்டாமா என்று அவள் இடம் கொடுத்துக் காத்திருப்பாள். பின்னால் எப்போதும் ஓர் இரைச்சல் இருக்கும். "தறி ஓடிகினு இருக்குது, சரியா கேக்கல" என்பான். லாட்ஜில் மோட்டார் ஓடும், தெருவில் ஒலிபெருக்கி பாடும், பேருந்துகள் ஹாரன் அடிக்கும். இரண்டு பக்கத்துச் சத்தத்துக்கும் நடுவில் அவர்கள் எட்டு வருடமாகக் கத்திக் கத்திக் குடும்பம் நடத்தியிருந்தார்கள்.

போன மாதம் ஊருக்கு வந்த விஷ்ணுவிடம் அவன்தான் இந்த இயர்போனைக் கொடுத்தனுப்பினான். விஷ்ணு பள்ளிப்பட்டுப் பையன், அதே ஆலை, பரந்தாமனோடு ஒரே அறையில் தங்கி, அவனைப் பாவா என்று மாமன்முறை சொல்லிக் கூப்பிடுகிறவன். "பாவா சொன்னாருக்கா, இத மாட்டிகினு பேசினா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கும்னு" என்று கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே சூரத்துக்கு ரயிலேறிவிட்டான். பெட்டிக்குள் சின்ன பிளாஸ்டிக் உறையில், காதுக்குள் போகிற ரப்பர்கள் மூன்று அளவில் இருந்தன. அவள் யோசிக்காமல் பெரியதை எடுத்து இரண்டு பக்கமும் மாட்டினாள். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வீட்டில் பிறந்தவள் வேறெதை எடுப்பாள்? அங்கே தறிக்கொட்டகைக்குள் போகும்போது கழிவு நூலை உருட்டிக் காதில் திணித்துக்கொள்வார்கள். எவ்வளவு பெரிய உருண்டையோ அவ்வளவு நிம்மதி. கட்டை விரலால் குத்தி இறக்குவார்கள். அடைப்பது என்றால் அழுத்தி அடைப்பது என்றுதான் அவள் கைக்குத் தெரியும். அப்படியே இதையும் அழுத்தினாள். இடது காது புண்ணானது, வலது காது துப்பியது. வலது பக்கம் போதாது போலிருக்கிறது, இன்னும் பெரியதாக ஒன்று வேண்டும் என்று தீர்மானித்து, மதியம் சாப்பாட்டு நேரத்தில் பேருந்து நிலையத்துப் பக்கம் ஹுசைனாவின் கடைக்குப் போனாள்.

ஹுசைனா அண்ணன் வைத்திருக்கும் செல்போன் கடையில் பகலில் இருப்பாள். சின்னப் பெண், வாய் ஓயாது.

"இதவிட பெருசா? இதவிட பெருசு ஹோட்டல் பாத்திரம் கழுவற எடத்துல அடைப்பாங்க, அத வேணா வாங்கி தரட்டா?"

"வெளயாடாத. வலது பக்கம் நிக்கவே மாட்டேங்குது. பெருசு போட்டாதான நல்லா அடைக்கும்?"

"யா அல்லா! காதாக்கா அது, ஓட்ட விழுந்த டேங்கா? காட்டுங்க." ஹுசைனா தாவி வந்து அவள் காதைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. ஒருவர் தன்னை இப்படித் தொட்டு எவ்வளவு நாளாயிற்று என்ற எண்ணம் தேவையில்லாமல் வந்து போனது. "வலது ஓட்ட சின்னது. இதுல போய் மூட்டைய திணிக்கிற மாதிரி திணிச்சா, அது எப்பிடி நிக்கும்? அதான் எத்தி தள்ளுது. இந்த பக்கம் சின்ன ரப்பர் போடுங்க. அந்த பக்கம் நடு சைஸு."

"ரெண்டு காதும் ஒரே அளவுதானடி இருக்கும்?"

"யாரு சொன்னா? என் செருப்ப பாருங்க. எடது கால கடிக்கும், வலது கால்ல கயண்டு கயண்டு போவும். கடவுள் ரெண்டையும் ஒரே அச்சுல ஊத்தி எடுக்கலக்கா." அவள் தன் கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்துக் காதின் நுனியைப் பிடித்துக் காட்டினாள். "இப்பிடி மேல இழுத்துக்கோங்க. வாய கொஞ்சம் தொறந்துக்கோங்க. அழுத்தாதீங்க, திருகி வுடுங்க. வூட்ல போயி பண்ணுங்க, இங்க வேணாம், கஸ்டமர் பயந்து ஓடிடுவாங்க." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "எதுக்கு இவ்ளோ பாடு? பாட்டு கேக்கவா?" என்றாள்.

"எங்க வூட்டுக்காரராண்ட பேசறதுக்கு."

"அவராண்ட பேசறதுக்கா!" என்றாள் ஹுசைனா. அதில் கேலி இருந்ததா, பொறாமை இருந்ததா என்று ஷோபனாவுக்குத் தெரியவில்லை.

மாலை வேலை முடிந்ததும் மாடி அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி முன் உட்கார்ந்து, வலது பக்கத்தில் மிளகு அளவுக்கிருந்த சின்ன ரப்பரையும் இடது பக்கத்தில் நடுத்தரத்தையும் மாட்டினாள். தொங்கிக்கொண்டிருந்த ஒயரைக் காதின் மேலாகச் சுற்றிப் பின்னால் விட்டாள். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய், காதை உயர்த்திப் பிடித்து, வாயைத் திறந்து, திருகினாள். இழுத்துப் பிடித்த காதை விட்டதும், உள்ளே எதுவோ தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தது. வலி இல்லை. அழுத்தம்கூட இல்லை. இன்னொரு பக்கத்தையும் அப்படியே செய்தாள்.

ஊர் போய்விட்டது. தண்ணீர் மோட்டார், ஒலிபெருக்கி, கீழ் மாடியில் குழந்தைகள், எல்லாவற்றையும் யாரோ ஒரேயடியாக வாரிக்கொண்டு போனதுபோல் போய்விட்டது. எச்சில் விழுங்கினால் குழாயில் தண்ணீர் இறங்குவதுபோல் கேட்டது. மூச்சு கேட்டது. அதற்கும் கீழே இன்னொன்று தட்டிக்கொண்டிருந்தது, அது தன் நெஞ்சுதான் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. சின்ன வயதில் மின்சாரம் நின்றுபோகும் நேரங்கள் அவளுக்கு நினைவு வந்தன. தெருவிலுள்ள தறிகள் அத்தனையும் ஒரே கணத்தில் நின்றுவிடும். சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாக்கியத்தின் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்த மருமகளின் கடைசி வார்த்தை தெரு முழுவதும் கேட்கும். எல்லோரும் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் காதுகளைப் பொத்திக்கொள்வாள், இத்தனை நேரம் மூடியிருந்ததெல்லாம் இப்போது கேட்டுவிடுமே என்று.

அவன் கூப்பிட்டான்.

"இன்னாமே, இன்னா பண்ற?"

அவள் திடுக்கிட்டுத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். குரல் போனிலிருந்து வரவில்லை. அவள் தலைக்குள்ளேயே, இரண்டு காதுகளுக்கும் நடுவிலிருந்து வந்தது. பேசுவதற்கு முன் உதடு பிரிகிற சத்தம் கேட்டது. மூக்கில் லேசாக மூச்சு அடைத்திருந்தது, சளி பிடித்திருக்கிறது. எட்டு வருடத்தில் அவன் சளி அவளுக்குக் கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. விஷ்ணு சொன்னது பொய்யில்லை. இவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

"சளி புடிச்சிகினு இருக்குதா உங்களுக்கு?"

"ஆங்."

"தறி ஓடுதா?"

"ஓடிகினுதான் இருக்குது. ஷிப்ட மாத்தி போட்டுட்டான்."

அவள் கேட்டாள். வழக்கமான அந்த இரைச்சல் இருந்தது. ஆனால் இன்று அது ஒரே குவியலாக இல்லாமல் இழை இழையாகப் பிரிந்து வந்தது. அது தறி இல்லை. தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிறந்தவள் அவள், தூக்கத்தில் கேட்டாலும் எந்தத் தறியில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வாள். இது மின்விசிறி. ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் இறக்கை எதிலோ லேசாக உரசியது. அதற்குப் பின்னால் ஒரு குலுக்கல், பிறகு டொக், டொக், டொக் என்று எதுவோ குதித்துப் போகிற சத்தம். இன்னொரு செல்போனில் தாயம் விளையாடுகிறார்கள். பிறகு, போனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடங்கிய குரலில் விஷ்ணு சொன்னது கேட்டது: "பாவா, உன்னுது. போடு."

விளையாடட்டுமே என்று முதலில் நினைத்தாள். நாள் முழுவதும் கிரீஸில் கைவிட்டுக் கிடக்கிறவன், அறைக்கு வந்து கொஞ்சம் விளையாடினால் என்ன? இன்று ஒருநாள் விளையாடுகிறான். அவள் மதியத்திலிருந்து சேர்த்து வைத்திருந்ததைத் தொடங்கினாள்.

"இன்னிக்கு கேளுங்க. நெல்லூர்க்காரங்க ஒரு குடும்பம். அப்பன்காரன் மலைக்கு போயி மொட்ட போட்டுகினு, தலயெல்லாம் சந்தனம் பூசிகினு வரான். அவன் பையன், ரெண்டு வயசு இருக்கும், வாசல்ல நின்னுகினு உள்ள வுட மாட்டேங்கறான்."

குலுக்கல். டொக், டொக்.

"ஆங்" என்றான் பரந்தாமன்.

அந்தத் தாமதம் தூரத்தால் வந்ததில்லை. காய் நகர்ந்து முடிகிற நேரம் அது. இப்போது அவளுக்கு அதை அளந்துகூடச் சொல்ல முடியும். "'எவரு நுவ்வு, எவரு நுவ்வு'ன்னு, நீ யாருன்னு கேக்கறான்ங்க அப்பனப் பாத்து. அவங்கம்மா சிரிக்கறா, அந்த ஆளு பாவம்..."

அவன் சிரித்தான். நன்றாக, வாய்விட்டு. அவள் மனம் ஒரு கணம் எழுந்தது. உடனே விஷ்ணு, "என் காய வெட்டிட்டியே பாவா" என்றது கேட்டது.

அவள் நிறுத்திவிட்டாள். அந்த ஆள் பாவம், கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, தன் குழந்தைக்குத் தன்னுடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பதுதான் மீதி. மதியத்திலிருந்து அவள் மனதில் கிடந்து அறுத்தது அந்த மீதிதான். அதை அவள் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆங்" என்றான் பரந்தாமன்.

விசிறி சுற்றியது. குலுக்கல்.

"ஆங்... அப்புறம்?"

எட்டு வருடத்து மாலைகள் அவள் முன் வந்து நின்றன. மாமனார் செத்த அன்று அவள் பேசியது, கர்ப்பம் கலைந்ததை அவனுக்குச் சொன்னது, அன்றும் இப்படித் தாமதித்துத் தாமதித்து வந்த ஆங், அதை அழுகையை அடக்குகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டது. அன்று உண்மையிலேயே அழுதிருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அங்கே இன்னொரு பெண்ணின் குரல் கேட்டிருந்தால்கூட அதற்கு ஒரு பேர் இருந்திருக்கும். ஹுசைனாவிடம் போய் அழலாம், முதலாளியிடம் சொல்லலாம், ஊர் கூடி அவனைக் கேட்கும். இதை யாரிடம் என்னவென்று சொல்வது? அடித்தானா, குடித்தானா, பணம் அனுப்பவில்லையா? ஒன்றுமில்லை. நான் பேசும்போது தாயம் விளையாடினான். சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. இவ்வளவு காலமும் அவளோடு பேசிக்கொண்டிருந்தது அவளேதான். தனக்குத்தானே பேசிக்கொள்ள அவள் பள்ளிப்பட்டுக்குப் போகத் தேவையில்லை. அங்கே போனால் சேர்த்துவைக்க ஒரு பகல்கூட இருக்காது.

"சரி, கேளு" என்றான் அவன். ஆட்டம் முடிந்திருக்க வேண்டும், குரல் நிமிர்ந்திருந்தது. "அம்மாவாண்ட சொல்லிட்டேன், வெள்ளிக்கெழம வந்துடுவான்னு. மொதலாளியாண்ட சொல்லிட்டியா?"

"இல்லீங்க."

"இப்பவே போயி சொல்லிடு. ரூம காலி பண்ணி குடுத்துடு. துணி பாத்திரம்லாம் ஒரு ஆட்டோல போட்டா ஆச்சி. வெள்ளிக்கெழம போயிடற, இன்னா?"

மறுபடியும் குலுக்கல் தொடங்கியது. அடுத்த ஆட்டம்.

அவள் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக, போனில் பேசும்போது கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. தன் குரல் தன் தலைக்குள்ளேயே கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஆழமாகவும் பக்கத்திலும் கேட்டது.

"நான் போகலீங்க."

டொக், டொக், டொக், டொக்.

"ஆங்" என்றான் பரந்தாமன்.

அவள் காத்திருந்தாள். விசிறி இரண்டு மூன்று சுற்று உரசியது. பிறகு காய் குதிக்கிற சத்தம் நின்றது. அவன் போனைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துக்கொள்வது கேட்டது.

"இன்னா சொன்ன?"

"அத்தைய லீவு நாள்ல போயி பாத்துகினு வரேன். ரூம வுட மாட்டேன். வேலையும் வுட மாட்டேன்."

"இன்னாமே ஆச்சி உனக்கு? சரின்னுதான சொல்லிகினு இருந்த?"

குலுக்கல் மறுபடி தொடங்கவில்லை. மூக்கடைத்த அவன் மூச்சு மட்டும் வந்து வந்து போனது, கேட்கிறவனின் மூச்சு. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே திருப்பத்தில் ஒரு பேருந்து நின்றிருந்தது. நடத்துனர் படியில் தொங்கியபடி ஊர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் மேலே வரவில்லை. ஆனால் தறி வீட்டில் வளர்ந்தவளுக்கு வாயசைவு போதும். பள்ளிப்பட்டு, பள்ளிப்பட்டு என்று அந்த வாய் திறந்து திறந்து மூடியது. யாரும் ஏறவில்லை. அவர் இன்னும் ஒருமுறை தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, உள்ளங்கையால் பேருந்தின் பக்கவாட்டில் தட்டினார். அது ஓசையே இல்லாமல் நகர்ந்து, விளக்குகளைப் போட்டுக்கொண்டு, வளைவில் திரும்பியது.